குலசைக்கு நேர் தெற்கே

(சாத்தான்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேரி மணலும் பனையும் சூழ்ந்த ஊரில் உட்கார்ந்து பனிக்கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் நிலப்படத்திலேயே இருக்கிறது. குலசை என்று நாம் சுருக்கி அழைக்கும் குலசேகரன்பட்டினத்தில் விரலை வைத்து நேர் தெற்கே கோடு இழுத்துப் பாருங்கள். இலங்கை இடப்பக்கம் ஒதுங்கிவிடும், மாலத்தீவு வலப்பக்கம் நின்றுவிடும். பிறகு தண்ணீர்தான். பாதி வழிக்கு மேல் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்று இரண்டு சின்னஞ்சிறு பிரெஞ்சுத் தீவுகள் கோட்டை ஒட்டி வரும். அவற்றையும் கடந்து, ஏறத்தாழ 8,600 கிலோமீட்டர் போனால் கோடு அண்டார்க்டிகாவில் பிரிட்ஸ் விரிகுடாவின் கரையில் முட்டும். முட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே, லார்ஸ்மன் குன்றுகளில், 2012 முதல் இயங்கிவருகிறது இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம். குலசை 78 பாகைக் கிழக்கு. பாரதி 76 பாகைக் கிழக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இஸ்ரோ தன் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்குக் குலசையைத் தேர்ந்தெடுத்ததும் இந்த வெறுமையான தெற்குக்காகத்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குக் கிளம்பும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே போய், அப்புறம் வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவிலேயே எரிபொருள் கரைகிறது. பெரிய ராக்கெட் அதைத் தாங்கும், சிறிய ராக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி, மாதவன்குறிச்சிப் பக்கம் நிலம் எடுத்து, 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். கடலின் நிறத்தைப் பார்க்கும் செயற்கைக்கோள்களும் துருவப் பாதையில்தான் சுற்றுகின்றன. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் ஓஷன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் ஒரு டன் அளவு எடை கொண்டவை. குலசைக்கென்று திட்டமிட்டிருக்கும் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. சுமார் 500 கிலோவைத்தான் தூக்கும். ஆகவே ஓஷன்சாட் நாளைக்கே நம் ஊரிலிருந்து பறக்கும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

இனி, அந்தக் கடல்நிறத்தை மாற்றும் பாசிக்கு வருவோம். கடல்நீரில் மிதந்து திரியும், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள, பச்சையம் கொண்ட உயிர்களைத்தான் மிதவைப் பாசி என்கிறேன். பாடநூலில் தாவர மிதவை உயிரிகள் என்றிருக்கும். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றின் வேலை. நம் முத்துப் பார்களில் கிடந்த சிப்பிகள் தண்ணீரை வடிகட்டித் தின்று வளர்ந்ததும் இவற்றைத்தான். தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்தபோது, ஐசோகிரைசிஸ் என்ற பாசியைக் கண்ணாடிக் குடுவைகளில் தனியே வளர்த்து ஊட்டினார்கள். அண்டார்க்டிகாவில் சிப்பியின் இடத்தில் கிரில் என்ற கூனி இறால் போன்ற உயிர். அது பாசியைத் தின்கிறது. திமிங்கிலமும் பெங்குவினும் அதைத் தின்கின்றன. பாசி குறைந்தால் மேலே உள்ள அடுக்கு முழுவதும் ஆட்டம் காணும்.

இந்தப் பாசியை 720 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து எப்படிப் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியில் முதல் அடியை எடுத்து வைத்தவர்களில் ஒருவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921-ல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. இராமன், சட்டைப்பையில் அடங்கும் நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கொண்டு அந்தப் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் எழுதிய குறிப்பு அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்தது. பாலக்காட்டுக்காரரான கே.ஆர். இராமநாதன் இதை மேலே எடுத்துச் சென்று, சிதறலோடு நீர் ஒளியை உறிஞ்சுவதையும் சேர்த்துக் கணக்கிட்டு 1923-ல் கட்டுரை எழுதினார். அந்த இராமநாதன்தான் பின்னாளில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். அதே அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில்தான் ஓஷன்சாட்டின் கடல்நிறக் கருவி உருவானது. இராமன் பெயரைச் சொன்னால் நோபல் பரிசும் 1930-ம் மட்டும் ஒப்பிக்கும் பிள்ளைகள் இந்தக் கப்பல் பயணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கொள்கை எளிது. பச்சையம் நீல ஒளியை விழுங்கும், பச்சை ஒளியை அவ்வளவாகத் தொடாது. பாசி இல்லாத கடலிலிருந்து நீலம் நிறைய வெளியே வரும். பாசி பெருகப் பெருக நீலம் குறையும். 443 நானோமீட்டர் பக்கம் உள்ள நீலத்தையும் 555 பக்கம் உள்ள பச்சையையும் அளந்து வகுத்தால் கிடைக்கும் எண்ணிலிருந்து, ஒரு கன மீட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் என்று சூத்திரம் சொல்லிவிடும். நடைமுறைதான் கடினம். செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு கூடக் கடலுக்குள்ளிருந்து வருவதில்லை. மிச்சமெல்லாம் காற்றும் தூசியும் உப்புத் திவலையும் சிதறடித்த ஒளி. முதலில் அதைக் கழிக்க வேண்டும். கழித்தலில் சிறு பிசகு நேர்ந்தாலும் விடையில் பெரும் பிசகாக வந்து நிற்கும்.

1978 அக்டோபரில் அமெரிக்காவின் நிம்பஸ்-7 முதல் கடல்நிறக் கருவியைக் கொண்டுசென்றது. 1986-ல் அது நின்ற பிறகு பத்து ஆண்டுகள் வானத்தில் அப்படி ஒரு கண் இல்லை. அந்த இடைவெளியை முடித்து வைத்தது 1996 மார்ச்சில் நம் பி.எஸ்.எல்.வி. ஏற்றிச் சென்ற ஐ.ஆர்.எஸ்.-பி3. அதில் இருந்த கடல்நிறக் கருவி ஜெர்மனியுடையது. 1997-ல் அமெரிக்காவின் சீவிஃப்ஸ் வந்தது. 1999 மே 26-ல் நம்முடைய ஓஷன்சாட்-1, எட்டு நிறப்பட்டைகளோடு. 2009-ல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பரில் பதின்மூன்று பட்டைகளோடு ஓஷன்சாட்-3.

இப்போது குலசையில் விட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தின் மேல் தெற்கே போவோம்.

கச்சான், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, அடிக்கும் மாதங்களில் கன்னியாகுமரியைச் சுற்றி ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே கிளம்பும். அதில் சத்து இருக்கும், பாசி பெருகும். அந்தப் பச்சையத்தைத் தென்மேற்குப் பருவ நீரோட்டம் அள்ளிக்கொண்டு இலங்கையின் தெற்கைச் சுற்றி வங்கக் கடலுக்குள் சேர்ப்பதை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பி.என். வினயச்சந்திரனும் உடன் ஆய்ந்தவர்களும் 2004-ல் காட்டினார்கள். கச்சான் காலத்தில் மீன் எந்தப் பக்கம் சாயும் என்பது மணப்பாட்டு மீனவர்களுக்குத் தெரியாத செய்தியல்ல. படத்தில் தெரிவது அந்த ஓட்டத்தின் முழு நீளம்.

நிலநடுக்கோட்டைத் தாண்டிப் போகப் போகப் படம் ஆழ்ந்த நீலமாகிறது. தென்னிந்தியப் பெருங்கடலின் நடுச்சுழல் கடலுக்குள் உள்ள பாலைவனம். கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம் பச்சையம் கூட இராது. இந்த நீரில் சூத்திரம் நன்றாகவே வேலை செய்கிறது. இத்தகைய தெளிந்த நீரில், இராமன் 1928-ல் கண்டறிந்த விளைவையும் கணக்கில் சேர்க்காவிட்டால் விடை தவறிப்போகும் என்பது ஒரு சுவையான உபரிச் செய்தி.

50 பாகைத் தெற்கை நெருங்கும்போது படத்தில் ஒரு புதிர். இங்கே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாக இருக்கின்றன, கோடையில் வெயிலும் உண்டு, ஆனாலும் பாசி குறைவு. அமெரிக்கரான ஜான் மார்ட்டின் 1980-களின் கடைசியில் காரணம் சொன்னார்: இரும்பு இல்லை. நிலத்திலிருந்து வெகுதூரம் என்பதால் இரும்புத் தூசி வந்து விழ வழியில்லை. இதற்குச் சான்று நம் கோட்டுக்கு மேற்கே சற்றுத் தள்ளிக் கிடக்கிறது. கெர்கெலன் தீவின் கடலடி மேடைக்கு மேலே ஆண்டுதோறும் கோடையில் பெரும் பச்சைத் திட்டு படத்தில் தெரிகிறது. 2005-ல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அங்கே போய், மேடையிலிருந்து மேலே கலக்கும் இரும்புதான் அந்தப் பாசியை வளர்க்கிறது என்று அளந்து காட்டியது. 2019-20-ல் ஆஸ்திரேலியக் காடுகள் எரிந்தபோது கிளம்பிய புகையில் இருந்த இரும்பு, அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பாசியைப் பெருக்கியதையும் செயற்கைக்கோளே காட்டிக்கொடுத்தது.

மனிதனே இரும்பைக் கொட்டினால் என்ன என்ற கேள்வி எழாமல் இருக்குமா? பாசி கரியமில வாயுவை உண்டு, செத்து, ஆழத்தில் மூழ்கினால் பூமியின் சூடு தணியும் என்று கணக்குப் போட்டார்கள். 1999 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இரும்பைக் கரைத்தார்கள். ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பச்சை நாடா ஒன்று சீவிஃப்ஸ் படத்தில் நெளிந்தது. கப்பல் எப்போதோ ஊர் திரும்பியிருந்தது. செயற்கைக்கோள் இல்லையென்றால் அந்த நாடாவைப் பார்த்திருக்கவே முடியாது.

பத்து ஆண்டு கழித்து இந்தியாவும் இதில் இறங்கியது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய லோஹாஃபெக்ஸ் சோதனை அது. 2009 ஜனவரியில் போலார்ஸ்டெர்ன் கப்பல் கேப் டவுனிலிருந்து கிளம்பியது. நம் பக்கத்துத் தலைவர் வாஜி நக்வி, அவர்கள் பக்கத்துத் தலைவர் விக்டர் ஸ்மெட்டாசெக். கடலில் குப்பை கொட்டுகிறார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. ஜெர்மன் அரசின் அமைச்சகங்களுக்குள்ளேயே கருத்து வேறுபட, கப்பல் நடுக்கடலில் அனுமதிக்குக் காத்திருந்தது. பிறகு தென் அட்லாண்டிக்கில் ஒரு நீர்ச்சுழலுக்குள் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கரைத்தார்கள். பாசி வளர்ந்தது உண்மை. ஆனால் அந்த நீரில் சிலிக்கா இல்லை. கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம் பாசிக்கு சிலிக்கா வேண்டும். அது வளராமல், ஓடில்லாத சின்னப் பாசிகளே வளர்ந்தன. அவற்றைக் கோப்பிபாடு என்னும் நுண்ணிய மிதவை விலங்குகள் மேய்ந்து தீர்த்தன. ஆழத்துக்குப் போன கரி சொற்பம்.

இந்தச் சோதனை தோற்றது என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்கடலில் இரும்பைக் கொட்டிக் காற்றைச் சுத்தம் செய்துவிடலாம் என்று பணம் திரட்டக் கிளம்பிய கூட்டத்துக்கு அது போட்ட தடை சாதாரணமானதல்ல. இன்னொன்றும் உண்டு. அங்கே பச்சையம் கூடியது என்பதைத்தான் நிறம் சொல்லும். எந்தப் பாசி வளர்ந்தது, எது தின்றது, எவ்வளவு மூழ்கியது என்பதெல்லாம் தண்ணீருக்குள் இறக்கிய குடுவைகளும் வலைகளும் பொறிகளும் சொன்ன செய்தி. நான் இன்று வற்புறுத்த வந்ததும் இதைத்தான்: நிறம் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டும், போய்ப் பார்த்தாக வேண்டும்.

கோட்டின் கடைசிப் பகுதி பனிக்கடல். இங்கேதான் செயற்கைக்கோள் திணறுகிறது. பாரதி நிலையத்தில் மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை உச்சிப்பொழுதிலும் அது அடிவானத்துக்கு 20 பாகைக்கு மேல் ஏறாது. அவ்வளவு சாய்ந்து வரும் ஒளி காற்றுக்குள் நீண்ட தூரம் கடந்து வருவதால், நான் சொன்ன கழித்தல் கணக்கு உடைந்துபோகிறது. ஆக, ஆண்டில் பாதி நாள் கருவிக்குக் கண் இருட்டு. மீதி நாளில் மேகம். மேகம் விலகினால் பனிக்கட்டி. படத்தின் ஒரு புள்ளி அடக்கும் 360 மீட்டர் சதுரத்துக்குள் ஓரமாக ஒரு பனித்துண்டு மிதந்தாலும் அதன் வெண்மை பக்கத்து நீரின் நிறத்தைக் கெடுத்துவிடும். ஒரு சலுகையும் உண்டு: எல்லாச் சுற்றுப்பாதைகளும் துருவத்தருகே நெருங்கி வருவதால், நம் கடலை இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்கும் செயற்கைக்கோள் அங்கே அடிக்கடி கடந்துபோகும். இப்படிப்பட்ட செயற்கைக்கோள்களின் தரவை வாங்கி ஐதராபாத் அருகே ஷாத்நகருக்கு அனுப்பும் தரைநிலையம் ஒன்றும் பாரதியில் இருக்கிறது.

நல்ல வெயிலில், திறந்த நீரில் எடுத்த படமும் அங்கே அப்படியே ஒத்துவராது. தென்கடலில் வழக்கமான சூத்திரம் பச்சையத்தை உள்ளதில் பாதியாக, சில வேளை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டுகிறது. கப்பலில் நீர் எடுத்து வடிகட்டி அளந்தவர்கள் திரும்பத் திரும்ப இதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைத் தூளாகக் கரைத்தால் குடம் முழுக்க நிறம் ஏறும். அதே எடையைக் கிழங்காகப் போட்டால் தண்ணீர் வெளிறிக் கிடக்கும். மங்கிய ஒளியில் வாழும் பெரிய டயாட்டங்கள் பச்சையத்தைக் கிழங்கு போல உள்ளே நெருக்கி வைத்திருக்கின்றன. சூத்திரமோ பெரும்பாலும் வெப்பக் கடல்களிலும் மிதவெப்பக் கடல்களிலும் எடுத்த அளவுகளைக் கொண்டு பிறந்தது.

வட துருவத்தில் நிலைமை தலைகீழ். ஆர்க்டிக் கடல் உலகக் கடல்நீரில் நூற்றில் ஒரு பங்கு. ஆனால் உலக ஆறுகள் கொட்டும் நீரில் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. லேனா, ஓப், எனிசேய் ஆறுகள் மட்கிய தாவரச் சாயத்தைக் கொண்டுவந்து கலக்கின்றன. அதுவும் நீல ஒளியை விழுங்கும். சூத்திரம் அதையும் பாசி என்று எண்ணிக் கூட்டிச் சொல்லிவிடுகிறது. இதையெல்லாம் திருத்திய பிறகுதான், 1998 முதல் 2018 வரை ஆர்க்டிக்கின் பாசி உற்பத்தி 57 விழுக்காடு கூடியது என்று ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கெவின் அரிகோவும் உடன் ஆய்ந்தவர்களும் 2020-ல் எழுத முடிந்தது. அதே அரிகோ குழு 2011 ஜூலையில் சுக்சி கடலில் பனியை உடைத்துக்கொண்டு போனபோது, பனித்தளத்துக்கு அடியிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் பாசி செழித்துக் கிடந்தது. அதன் ஒரு துளி கூடச் செயற்கைக்கோள் படத்தில் இல்லை. இப்போது பனிக்கடியில் மிதக்கும் தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. இரவிலும் பார்க்கும் லேசர்க் கருவிகளையும் வானிலிருந்து முயன்றிருக்கிறார்கள். இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அடைகிறது.

ஆறு கலக்கும் நீரில் சூத்திரம் ஏமாறுவதைப் பார்க்க ஆர்க்டிக் வரை போக வேண்டாம், புன்னைக்காயல் போதும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், தாமிரபரணி செம்மண் குழம்பாகக் கடலில் விழுந்ததும் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட கலங்கலில் வண்டல் எது, சாயம் எது, பாசி எது என்று நீல-பச்சைக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது.

நிறம் மட்டும் போதாது என்பதற்கு நம் கடலிலேயே இன்னொரு சான்று உண்டு. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் கடற்பகுதி பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. கரையில் பூங்கோரை என்றார்கள். நாக்டிலூக்கா என்ற ஒற்றைச்செல் உயிரின் பெருக்கம் அது. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் முழுகிப் பார்த்து, சிங்கிள் தீவுப் பக்கம் பவளங்கள் செத்துக் கிடந்ததையும், நீரில் ஆக்சிஜன் சரிந்துபோனதே அதற்குக் காரணம் என்பதையும் பதிவு செய்து 2020-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். வானிலிருந்து பச்சை தெரியும், ஆக்சிஜன் தெரியாது. ஐதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் மையம் அனுப்பும் மீன்வளப் பகுதி அறிவிப்பும் இந்தப் பச்சையத்தையும் கடல்மேல் வெப்பத்தையும் வைத்துத்தான் கணிக்கப்படுகிறது. மேகம் மூடிய நாளில் அது வராது என்பது கைப்பேசியில் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். 1865-ல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். கடல் ஆய்வாளர்கள் இன்றும் அதையே செய்கிறார்கள். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளைத் தட்டு, கீழே ஈயக் குண்டு, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. பெரியதாழைக்கு நேரே, கரைக்கலங்கல் தாண்டிய ஓரிடத்தில், மாதந்தோறும் இறக்கிக் குறித்து வையுங்கள். அதே இடத்து நீரை ஒரு குப்பியில், வெளிச்சம் படாமல் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுவந்து, அன்றே கல்லூரி ஆய்வகத்தில் வடிகட்டிப் பச்சையத்தை அளக்கலாம். ஓஷன்சாட் படத்தோடு ஒப்பிட இந்த இரண்டும் போதும். சிக்கல் ஒன்றுதான். ஓஷன்சாட் நம் தலைக்கு மேல் வருவது நண்பகல் வாக்கில். விடியலுக்கு முன் போன வள்ளங்கள் அதற்குள் கரை ஏறிவிடும். அந்த நேரத்துக்கென்று ஒரு வள்ளத்தைத் திரும்ப இறக்க வேண்டுமானால், வள்ளக்காரருக்குக் கூலியும் டீசல் செலவும் கொடுத்தாக வேண்டும். அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் முன்வரிசையில் இருக்கிறார்கள். பெரியதாழைக்காரர்கள் அவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் இருக்கிறார்கள். தேநீர் வேளையில் பேசி ஒரு தொகை முடிவு செய்துகொள்ளுங்கள்.